ஆதித்யாவைப் பிரித்துக் கட்டினார்கள். அட்டவணையை எப்போது பிரிப்பார்கள்?

(குன்றாண்டார்கோவிலில் கல்லூரி மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைப்பைச் சொன்னதும் இங்கே ஒரு தோழர் கேட்டார்: "சாதி ஒழிப்புக் கூட்டத்தில் அணு இணைவு இயந்திரத்துக்கு என்ன வேலை?" நியாயமான கேள்வி. குஜராத்தில் காந்திநகருக்குப் பக்கத்தில் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஒன்றிய அரசின் அணுசக்தித் துறைக்குக் கீழே வருகிறது. அங்கே ஆதித்யா என்ற இயந்திரத்தை முழுக்கப் பிரித்து, மேம்படுத்தி, திரும்பப் பூட்டி ஓட்டுகிறார்கள். இது அறிவியல் செய்தி. அதே நிறுவனத்தின் பெயர் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இரண்டு சட்டங்களின் கடைசிப் பக்கத்திலும் இருக்கிறது. அந்தச் சட்டங்கள் யாருக்கெல்லாம் பொருந்தாது என்று சொல்லும் அட்டவணை அது. இரண்டுமே இடஒதுக்கீட்டுச் சட்டங்கள். இது நம் செய்தி. இரண்டையும் சேர்த்துப் பேசத்தான் வந்திருக்கிறேன். முதலில் இயந்திரம்.

பனிக்கட்டியைச் சூடாக்கினால் தண்ணீர். தண்ணீரைச் சூடாக்கினால் ஆவி. ஆவியை இன்னும் இன்னும் சூடாக்கினால்? அணுக்களில் ஒட்டியிருக்கும் எலக்ட்ரான்கள் கழன்றுகொள்ளும். கழன்ற எலக்ட்ரான்களும் மிச்சமிருக்கும் அயனிகளும் கலந்து அலையும் நிலைக்குப் பெயர் பிளாஸ்மா. மின்னல் ஒரு பிளாஸ்மா. டியூப் லைட்டுக்குள் ஒளிர்வது பிளாஸ்மா. நம் ஊர்ப் பிள்ளைகள் துவாக்குடிப் பட்டறைகளிலும் வளைகுடா நாடுகளிலும் வெல்டிங் வைக்கும்போது முகமூடிக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார்களே, அந்த வெளிச்சமும் பிளாஸ்மாதான். சூரியன் மொத்தமும் பிளாஸ்மா.

சூரியனுக்குள் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியம் ஆகின்றன. இணையும்போது வரும் ஆற்றல்தான் நமக்கு வெயில். கூடங்குளத்தில் நடப்பது அணுவைப் பிளப்பது. இது அணுவை இணைப்பது. இதைப் பூமியில் செய்ய ஹைட்ரஜனின் கனமான வகைகளைப் பத்துக் கோடி டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டைத் தாங்கும் பாத்திரம் உலகத்தில் கிடையாது. எனவே பிளாஸ்மா எந்தச் சுவரையும் தொடாதபடி காந்தப் புலத்தால் அந்தரத்தில் பிடித்து வைக்கிறார்கள். மெதுவடை வடிவத்தில் ஒரு வெற்றிடக் கலம், அதைச் சுற்றிக் காந்தச் சுருள்கள். 1950களில் சோவியத் விஞ்ஞானிகள் உருவாக்கிய இந்த அமைப்புக்கு டோகாமாக் என்று பெயர்.

இதில் மிகைப்படுத்த வேண்டாம். இணைவிலிருந்து எடுத்த மின்சாரத்தில் உலகத்தில் எங்கேயும் ஒரு பல்புகூட இன்னும் எரியவில்லை. இங்கிலாந்தில் இருந்த ஜெட் என்ற பெரிய டோகாமாக் 2021 டிசம்பரில் ஐந்து நொடியில் 59 மெகாஜூல் ஆற்றலை வெளிப்படுத்தியது. நம் வீட்டு மீட்டர் கணக்கில் சுமார் 16 யூனிட். அதை எடுக்க உள்ளே செலுத்திய ஆற்றல் அதைவிட அதிகம். எனவே இது நாளைக்கே நடக்கிற காரியம் அல்ல. பல தலைமுறை உழைக்க வேண்டிய வேலை. பல தலைமுறை வேலை என்பதால்தான் அதில் யாருடைய பிள்ளைகள் இருக்கிறார்கள் என்ற கேள்வி முக்கியமாகிறது.

ஆதித்யாவுக்கு வருவோம். 1982இல் அகமதாபாத்தில் உள்ள இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தில் பிளாஸ்மா இயற்பியல் திட்டம் தொடங்கியது. 1986இல் அது தனி நிறுவனமானது. பிரதிமன் கிருஷ்ண கா அதன் முதல் இயக்குநர். 1989இல் ஆதித்யா ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே வடிவமைத்து இங்கேயே கட்டிய முதல் டோகாமாக் அது. உருவத்தில் சிறியது. பிளாஸ்மா வளையத்தின் நடுவட்டம் ஒன்றரை மீட்டர் குறுக்களவு. வளையத்தின் தடிமன் அரை மீட்டர். ஒரு முறை இயக்கினால் பிளாஸ்மா நிற்பது ஒரு நொடியில் சிறு பங்கு நேரம்தான். அந்தக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பல லட்சம் டிகிரி சூட்டை அளந்து, இருபத்தைந்து ஆண்டுகளில் பல்லாயிரம் முறை இயக்கி, ஒரு தலைமுறை ஆராய்ச்சியாளர்களை அந்த இயந்திரம் உருவாக்கியது.

பிறகு ஏன் பிரித்தார்கள்? பழுதா? இல்லை. அதன் வடிவம் போதவில்லை. பழைய வெற்றிடக் கலத்தின் குறுக்குவெட்டு செவ்வகம். ஆனால் இன்றைய பெரிய டோகாமாக்குகள் பிளாஸ்மாவை ஆங்கில 'டி' எழுத்துப் போல நீட்டி வடிவமைக்கின்றன. கழிவாகச் சேரும் துகள்களை அடியில் ஒரு வாய் வழியாக வெளியே தள்ளுகின்றன. அந்த வாய்க்கு டைவர்ட்டர் என்று பெயர். அதற்கான காந்தச் சுருள்கள் பிளாஸ்மாவுக்கு அருகில் இருக்க வேண்டும். பழைய செவ்வகக் கலம் அவற்றுக்கு இடம் தரவில்லை. கலத்தை மாற்றாமல் வேறு வழி இல்லை.

கலத்தை மாற்றுவது என்றால் ஒரு மூடியைக் கழற்றி மாட்டுகிற வேலை அல்ல. 20 பெரிய காந்தச் சுருள்கள் கலத்தைச் சுற்றி வளையல் போல மாட்டியிருக்கின்றன. வளையலை உடைக்காமல் கையை மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2015இல் ஆதித்யாவைப் பிரித்தார்கள். சுருள்களை, தாங்கு சட்டங்களை, குழாய்களை, அளவீட்டுக் கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். வட்டக் குறுக்குவெட்டுள்ள புதிய கலத்தை உள்ளே இறக்கினார்கள். புதிய டைவர்ட்டர் சுருள்களைச் சேர்த்தார்கள். பழைய பெரிய சுருள்களைத் திரும்ப அவற்றின் இடத்தில் பொருத்தினார்கள். ஒரு சுருள் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாலும் காந்தப் புலம் கோணும். பிளாஸ்மா நழுவிச் சுவரில் மோதும். எனவே மில்லிமீட்டர் கணக்கில் அளந்து அளந்து பூட்டினார்கள். 2016 டிசம்பரில் ஆதித்யா-யு என்ற புதிய பெயரோடு முதல் பிளாஸ்மா வந்தது.

அதே வளாகத்தில் எஸ்எஸ்டி-1 என்று இன்னொரு டோகாமாக் இருக்கிறது. அது மீக்கடத்திக் காந்தங்களால் ஆனது. முதல் முறை பூட்டிக் குளிரவைத்தபோது நினைத்தபடி இயங்கவில்லை. கசிவும் இணைப்புகளும் சிக்கல் கொடுத்தன. 2009இல் சீரமைப்பைத் தொடங்கினார்கள். 16 பெரிய காந்தச் சுருள்களையும் தனித்தனியே, பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 268 டிகிரிக்குக் குளிரவைத்து, முழு மின்னோட்டம் கொடுத்துச் சோதித்த பிறகுதான் திரும்பப் பூட்டினார்கள். 2013 ஜூனில் முதல் பிளாஸ்மா வந்தது. என்ன கோளாறு, எப்படிச் சரி செய்தோம் என்பதை ஆய்வுக் கட்டுரைகளில் எழுதியும் வைத்தார்கள்.

பிரான்சில் இந்தியா உள்படப் பல நாடுகள் சேர்ந்து கட்டும் ஐடர் இயந்திரத்திலும் இதே கதை. கலத்தின் ஒரு பெரிய பகுதியைக் குழிக்குள் இறக்கிய பிறகு, வெப்பத் தடுப்புக் குழாய்களில் வெடிப்பு இருப்பது தெரிந்தது. 2023 ஜூலையில் அதை வெளியே தூக்கிப் பழுது பார்த்தார்கள். காலமும் பணமும் போனது உண்மை. ஆனால் மூடி மறைத்து மேலே கட்டிக்கொண்டு போகவில்லை.

தோழர்களே, நான் அந்த விஞ்ஞானிகளைக் கிண்டல் செய்ய வரவில்லை. அவர்களிடம் நாம் கற்க வேண்டியது இருக்கிறது. ஓர் அமைப்பின் வடிவமே தடையாக இருந்தால் பிரித்துத்தான் ஆக வேண்டும், மேல்பூச்சு உதவாது. சாதியைச் சீர்திருத்தினால் போதும் என்றவர்களிடம் பாபாசாகேப் அம்பேத்கர் சொன்னதும் இதுதானே? ஒழிக்காமல் சமத்துவம் வராது என்றார். இந்த உண்மையை இரும்பிலும் செம்பிலும் செய்து காட்டியவர்களிடம்தான் கேட்கிறேன்: உங்கள் நிறுவனத்தின் வாசல் எந்த வடிவத்தில் இருக்கிறது?

2006ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு நவம்பர் 21 அன்று பாரிசில் ஐடர் ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்தியா அதில் முழுப் பங்காளி. கட்டுமானத்தில் ஏறத்தாழ 9 விழுக்காட்டுப் பொறுப்பு நம்முடையது. அந்த இயந்திரத்தை மூடும் 30 மீட்டர் உயர எஃகுக் குடுவை, சுமார் 3,850 டன், பாகம் பாகமாகக் குஜராத்தின் ஹஜிராவில் செய்யப்பட்டுக் கப்பலில் போனது. அந்தப் பணத்தில் இங்கே உட்கார்ந்திருக்கும் அம்மா தீப்பெட்டி வாங்கும்போது கொடுத்த வரியும் இருக்கிறது.

அதே 2006 டிசம்பரில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. மத்தியக் கல்வி நிறுவனங்கள் சேர்க்கை இடஒதுக்கீட்டுச் சட்டம். பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு, பழங்குடியினருக்கு 7.5, பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 27. அதை எதிர்த்து எய்ம்ஸ் மருத்துவமனை வாசலில் போராட்டம் நடந்ததெல்லாம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். போராடிப் பெற்ற சட்டம். ஆனால் அதன் 4ஆவது பிரிவு என்ன சொல்கிறது? உயர்சிறப்பு நிறுவனங்கள், ஆராய்ச்சி நிறுவனங்கள், தேசிய முக்கியத்துவமும் பாதுகாப்பு முக்கியத்துவமும் உள்ள நிறுவனங்கள் என்று அட்டவணையில் குறிப்பிட்டவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. அட்டவணையின் தலையில் ஹோமி பாபா தேசிய நிறுவனம். அதன் உறுப்புகளாக டிராம்பே பாபா அணு ஆராய்ச்சி மையம், கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம், சென்னை கணித அறிவியல் நிறுவனம் என்று வரிசை போகிறது. தமிழ்நாட்டில் இருப்பவை மட்டும் இரண்டு.

2019இல் இன்னொரு சட்டம். மத்தியக் கல்வி நிறுவனங்களில் ஆசிரியர் பணியிட இடஒதுக்கீட்டுச் சட்டம். துறை வாரியாக இடங்களைக் கூறுபோட்டு இடஒதுக்கீட்டையே இல்லாமல் ஆக்கிய 13 புள்ளி முறையை எதிர்த்து நாடெங்கும் போராடிய பிறகு வந்தது. அதிலும் 4ஆவது பிரிவு. அதிலும் அதே விலக்கு. அதிலும் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தின் பெயர். பதின்மூன்று ஆண்டுகளில் இயந்திரம் மாறிவிட்டது. அட்டவணையில் அந்த வரி மாறவில்லை.

சரியாகச் சொல்ல வேண்டும். அங்கே வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரங்களில் இடஒதுக்கீட்டு இடங்கள் வருகின்றன. அது அரசாணைகளால் வருவது. அதற்கும் ஒரு கூரை உண்டு. முதல் நிலை அலுவலர் பிரிவில் தொடக்கப் படிக்கு மேலே இருந்து, ஆராய்ச்சி செய்கிற அல்லது ஆராய்ச்சியை வழிநடத்துகிற அறிவியல் பதவிகளுக்கு விலக்கு பெறலாம் என்று 1975இலேயே ஒன்றிய அரசு ஆணை போட்டிருக்கிறது. அரசாணை ஒரு கையெழுத்தில் வரும், ஒரு கையெழுத்தில் போகும். முனைவர் பட்ட மாணவரைச் சேர்ப்பதிலும் ஆசிரியரை நியமிப்பதிலும் நாடாளுமன்றம் கொடுத்த சட்ட உரிமை இந்த வாசல்களில் செல்லாது என்பதுதான் என் பேச்சு. நம் மக்களைச் சேர்க்க ஒரு பட்டியல் இருக்கிறது. நம் மக்களுக்குக் கதவைத் திறக்க வேண்டிய கட்டாயம் யாருக்கெல்லாம் இல்லை என்று சொல்லவும் ஒரு பட்டியல் இருக்கிறது.

என்ன காரணம் சொல்வார்கள்? தகுதி. திறமை. உயர்சிறப்பு. இதற்குப் பதில் சொல்ல நான் வெளியே போக வேண்டியதில்லை. பிளாஸ்மா அறிவியலின் அடிவாரத்திலேயே பதில் இருக்கிறது. எந்தச் சூட்டில், எந்த அழுத்தத்தில் ஒரு வாயுவின் அணுக்களில் எத்தனை பங்கு எலக்ட்ரான் கழன்று அயனி ஆகும் என்று கணக்கிட ஒரு சமன்பாடு உண்டு. உலகமெங்கும் அதற்குப் பெயர் சாகா சமன்பாடு. 1920இல் அதைத் தந்தவர் மேகநாத் சாகா. 1893இல் டாக்கா பக்கத்தில் சியோரத்தலி கிராமத்தில், சின்ன மளிகைக்கடை வைத்திருந்த ஒருவருக்குப் பிறந்தவர். ஆதிக்க சாதியினர் தாழ்ந்ததாக நினைத்த வணிகச் சாதி. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் படிக்கப் போனபோது, விடுதியில் அவரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட ஆதிக்க சாதி மாணவர்கள் மறுத்ததை அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நட்சத்திரங்களின் ஒளியைப் படிக்கும் வழியை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தவரை விடுதிப் பந்தியில் தள்ளி உட்காரச் சொன்னார்கள்.

அந்தச் சாகா கல்கத்தாவில் ஓர் அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஜப்பானிலிருந்து வாங்கிய ஒரு டோகாமாக்கை 1980களில் நிறுவி ஆய்வு செய்த இடமும் அதுதான். இப்போது அட்டவணையைத் திரும்ப எடுத்துப் படியுங்கள். இடஒதுக்கீட்டுச் சட்டம் பொருந்தாத நிறுவனங்களின் வரிசையில் சாகா அணுக்கரு இயற்பியல் நிறுவனமும் இருக்கிறது. பந்தியில் இடம் மறுக்கப்பட்டவரின் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு, பந்திக்குச் சட்டம் வராமல் பார்த்துக்கொண்டார்கள். தகுதி பற்றி இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

இன்னொன்று. டோகாமாக் ஆட்கள் தூய்மையைப் பற்றி நிறையப் பேசுவார்கள். பேசித்தான் ஆக வேண்டும். கலத்தின் சுவரில் ஒட்டிய ஈரமோ, ஆக்சிஜனோ கொஞ்சம் உள்ளே கலந்தாலும் பிளாஸ்மா குளிர்ந்துவிடும். அதனால் காற்றை உறிஞ்சி எடுத்து, சுவரை 100 டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் சூடாக்கி, ஹைட்ரஜன் மின்னொளிர்வால் கழுவுகிறார்கள். எது அசுத்தம், எத்தனை பங்கு என்று கருவி எண்ணிச் சொல்லும். அளக்கலாம், நீக்கலாம், நீக்கியதை நிரூபிக்கலாம். அது அறிவியலின் தூய்மை. சாதி சொல்லும் தீட்டை எந்தக் கருவி அளந்தது? அளக்க முடியாத பொய்யை வைத்துக்கொண்டுதான் ஒரு மக்கள் கூட்டத்தை ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள். இதே புதுக்கோட்டை மாவட்டத்தில், வேங்கைவயலில், 2022 டிசம்பரில், பட்டியலின மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கிடந்தது. உண்மையான அசுத்தம் எங்கே இருக்கிறது என்பதை நம் மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

வெற்றிடக் கலம் என்று சொல்கிறோமே, அது நிற்பது பற்றவைப்பின் மேல்தான். வெளியே ஹீலியம் வாயுவைப் பீய்ச்சி, உள்ளே ஓர் அணுவளவு கசிகிறதா என்று பார்க்கும் சோதனையில் அந்த வெல்டிங் தேற வேண்டும். அப்படிப் பற்றவைக்கும் கை யாருடைய கை? ஐடிஐ படித்த நம் வீட்டுப் பிள்ளைகள் போன்றவர்களின் கை. இங்கே குடைவரைக் கோயில் இருக்கிறது. முன்னால் கல் சக்கரமும் குதிரையுமாகத் தேர் போல ஒரு மண்டபம். கல்வெட்டில் அரசர் பெயர் இருக்கும், கொடை கொடுத்தவர் பெயர் இருக்கும். உளி பிடித்தவர் பெயரைத் தேட வேண்டும். கல் தேருக்கு நடந்தது காந்தத் தேருக்கும் நடக்கக் கூடாது. வெல்டிங் வைக்கிறவரின் மகள் அந்தக் கலத்துக்குள் பிளாஸ்மா எப்படி அசைகிறது என்று சமன்பாடு எழுத வேண்டும்.

அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். மின்சாரமும் நீர்ப்பாசனமும் அவர் கையில் இருந்தன. மலிவாகவும் தாராளமாகவும் மின்சாரம் கிடைக்காமல் இந்தியா தொழில்மயமாகாது, வறுமையும் தீராது என்று வாதாடினார். 1944இல் மத்திய மின் தொழில்நுட்ப வாரியம் வந்தது அவர் காலத்தில்தான். தாமோதர் வெள்ளத்தை ஆராய்ந்த குழுவில் மேகநாத் சாகா இருந்தார். தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்தை அரசுக்குள்ளே நகர்த்தியவர் அம்பேத்கர். ஒடுக்கப்பட்ட இடத்திலிருந்து வந்த இருவரும் மின்சாரத்தை மக்கள் விடுதலையோடு சேர்த்துப் பார்த்தார்கள். நாளைய மின்சாரத்துக்கான ஆராய்ச்சியில் அவர்கள் வழிவந்தவர்களுக்குச் சட்டப்படி இடம் இல்லை என்றால் அது அந்த இருவருக்கும் செய்யும் அவமதிப்பு.

எனவே நம் கோரிக்கைகள் என்ன?

முதலாவது, அட்டவணையைத் திறக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம்கூட வேண்டாம். தேவைப்படும்போது அரசிதழ் அறிவிக்கை வழியாக அட்டவணையைத் திருத்திக்கொள்ளலாம் என்று அந்தச் சட்டங்களே ஒன்றிய அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கின்றன. 20 காந்தச் சுருள்களைக் கழற்றுவதைவிட இது எளிது. 1951இல் வகுப்புவாரி உரிமைக்குத் தடை வந்தபோது, பெரியார் நடத்திய போராட்டத்தின் அழுத்தத்தில் அரசமைப்புச் சட்டத்துக்கே முதல் திருத்தம் வந்தது. அட்டவணை அதைவிடப் பெரியதல்ல.

இரண்டாவது, கணக்கு வேண்டும். அட்டவணையில் உள்ள ஒவ்வொரு நிறுவனமும் முனைவர் பட்ட மாணவர்களில், ஆசிரியர்களில், மூத்த விஞ்ஞானிகளில் எந்தப் பிரிவினர் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். காந்தச் சுருளை ஒவ்வொன்றாகச் சோதித்து முடிவை எழுதி வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது முடியாத வேலை அல்ல. அவர்கள் வெளியிடும்வரை தகவல் உரிமைச் சட்டத்தில் நாம் கேட்போம். நம் நாடாளுமன்ற உறுப்பினர்களை அவையில் கேட்கச் சொல்வோம்.

மூன்றாவது, மாணவர்களுக்கு. வாசல் முழுக்கத் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். இயற்பியல், மின்னியல், இயந்திரவியல், கணினி, எது படித்தாலும் இந்தத் துறையில் வேலை இருக்கிறது. ஜெஸ்ட், கேட் போன்ற தேர்வுகள் வழியாக ஆராய்ச்சிக்குப் போகலாம். கோடை விடுமுறையில் மாணவர்களுக்கான பயிற்சித் திட்டமும் காந்திநகரில் உண்டு. விண்ணப்பம் போடுங்கள். கிடைக்கவில்லை என்றால் மறுபடி போடுங்கள். உள்ளே போனவர்கள் அடுத்தவருக்கு வழி சொல்லுங்கள்.

இடஒதுக்கீடு கேட்பது சலுகை கேட்பது அல்ல. நம் வரிப்பணத்தில் ஓடும் சூரியனில் நம் பங்கைக் கேட்பது. ஆதித்யா என்றால் சூரியன். சூரியன் யாருக்கும் விலக்கு அட்டவணை போடுவதில்லை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறவர்களும் போடக் கூடாது.

ஜெய்பீம்.